ஆலா இறங்கிய திட்டு

உத்தமபாளையத்தில் படக்கடை வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு நிற்கவைத்தும் சாவுக்குச் சாத்திவைத்தும் ஆட்களைப் படம் பிடித்துச் சலித்துப்போன எனக்கு, முல்லையாற்று மணல் திட்டில் முட்டையிடும் ஆலாவின்மேல் கிறுக்குப் பிடித்தது. கூடு என்ன கூடு, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். கறுப்புத் தொப்பியும் மஞ்சள் அலகுமான அந்தப் பறவை, மனிதத் தலை தெரிந்தால் போதும், கத்திக்கொண்டே மேலே போய்விடும். நான் கிளம்பும்வரை இறங்காது. இரண்டு கோடை என்னை ஏய்த்தது. சனியன் என்று திட்டிவிட்டு மறுநாளும் போய் நிற்பேன்.

அடுத்த கோடையில் சீமைச் சண்டையால், படம் பதிகிற கண்ணாடி பிளேட் வருவதே நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அணைத் தண்ணீர் வேறு வரப்போகிறது. வந்தால் திட்டும் முட்டைகளும் போகும், என் படமும் போகும்.

என் மனைவிதான் வழி சொன்னாள். “ரெண்டு பேரும் கீத்து மறைப்புக்குள்ள போவம். நா மட்டும் வெளிய வந்து நடையக் கட்டுறேன். ஆளு போயிருச்சுன்னு எறங்கிரும். சோளக்காட்டுல கிளிய இப்படித்தான் ஏமாத்துவோம்.”

“தண்ணி வந்துட்டா?”

“நாளைக்குத்தான்னு தண்டோராப் போட்டாகல்ல? எதுக்கும் கரையில மறஞ்சு நிக்கிறேன். வந்தாச் சத்தங் குடுக்கேன், போதுமா?”

அவள் போனாள். நான் தென்னங்கீற்றுக்குள், கேமராவின் கறுப்புத் துணிக்குள், வியர்வையில் வெந்துகொண்டிருந்தேன். அழுத்தினால் படம் விழுகிற ரப்பர் பந்து உள்ளங்கையில் வழுக்கியது. ஆலா தலைக்குமேல் சுற்றியது, இறங்குவதுபோல் வந்தது, மறுபடி எழும்பியது. ஓடையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைப்பது அதன் வழக்கம். அந்த ஈர வயிற்றோடுதான் எனக்குப் படம் வேண்டும்.

அப்போது தூரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. வைகாசி மாதம், எந்த ஊரிலோ அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். பறவை மிரண்டுவிடுமே என்றுதான் எனக்கு ஆத்திரம். குலவை இன்னும் பலத்தது. அடச்சே, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!

ஆலா இறங்கியது. ஈரம் சொட்டச் சொட்ட முட்டைகளின்மேல் நின்றது. மூச்சை அடக்கிப் பந்தை அழுத்தினேன்.

பிடித்துவிட்டேன்! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. காலை நகர்த்தினேன், மணல் சில்லென்றிருந்தது. கீற்றை விலக்கிப் பார்த்தால், திட்டுக்கும் கரைக்கும் நடுவே செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் தண்டோராவைக் கேட்டுக்கொண்டா வரும்? இடுப்பளவு தண்ணீரில் என் மனைவி தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க! தண்ணி வந்துருச்சுங்க! கெளம்புங்க!”

கேமராவை நான் தலையில் தூக்கினேன், பிளேட் பெட்டியை அவள். கைகோத்துக்கொண்டு கரையேறித் திரும்பினால் திட்டு இல்லை. திட்டு இருந்த இடத்துக்குமேல் ஆலா கத்திக் கத்திச் சுற்றியது. முட்டையை அள்ளியாவது வந்திருக்கலாமே என்று புலம்பினேன். அவள் ஆலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படம் அருமையாக வந்திருந்தது. ஈர வயிற்றோடு ஆலா. பின்னால், திட்டின் விளிம்பில், பளபளவென்று ஒரு வெள்ளைக் கோடு, ஏறி வந்த தண்ணீர். கடைக்கு வந்தவர்களெல்லாம் பறவையைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கோட்டைத்தான் பார்த்தாள்.

“மொதக் குலவை போட்டது நாந்தாங்க,” என்றாள். “நம்ம வயலு வெடிச்சுக் கெடந்துச்சுல்ல. தண்ணியப் பாத்ததும் ஒங்க நெனப்பே வரல. அந்தப் பறவ நெனப்பும் வரல.”

“விடு புள்ள, யாருக்குத்தான் வரும்?” என்றேன். நான் சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் தண்ணீர் வந்தபோது ஊர்ப் பெண்களோடு அவளும் கரையில் நின்று பூத் தூவினாள். குலவை எழுந்தது. அவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆற்றுக்குமேல் ஆலா எதுவும் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள்.