மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

ஏழாம் வகுப்பு தொடங்குமுன் யூனிஃபார்முக்கு அளவெடுக்க டெய்லர் எங்கள் தாம்பரம் பள்ளிக்கே வந்தார். அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றி எண்ணைக் கத்திச் சொல்வார், அவர்கூட வந்த அக்கா நோட்டில் எழுதுவார். வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களின் காதிலும் விழும். எந்த மகராசன் கண்டுபிடித்த வழக்கமோ!

எனக்கு முன்னால் நின்றவள் வகுப்பிலேயே ஒல்லி. எனக்குப் பூசணி என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். "இருபத்திரண்டு!" என்றார் டெய்லர். என் முறை வந்ததும் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "இருபத்தேழு!" யாரும் சிரிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தைத்து வந்த ஸ்கர்ட்டில் கொக்கி மாட்டவில்லை. "நாளைக்கு ஸ்கூல் தொறக்குது, இப்ப என்னடி பண்றது?" என்று அம்மா என்னை டெய்லர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுபடியும் டேப், மறுபடியும் கத்தல். வழியெல்லாம் இதே நினைப்பில் காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

டெய்லர் டேப்பைத் தொடவே இல்லை. இடுப்புத் தையலைப் பிரித்தார். உள்ளே மூன்று இன்ச் துணி மடிந்திருந்தது.

"மூச்ச புடிச்சிகினு நின்னது எனக்குத் தெரியாதா பாப்பா? எல்லாருக்கும் உள்ளார துணி வுட்டுதான் தைக்கிறேன்."

"எல்லாருக்குமா?"

"உனக்கு முன்னாடி ஒரு ஒல்லிப் பொண்ணு நின்னுச்சே, அது நேத்தே அழுதுகினு வந்து பிரிச்சு வாங்கிகினு போச்சு."