விபூதி படாத டாலர்

பிப்ரவரி 11, காலை 10.40, புழுக்கம். சிதம்பரம் போகும் வழியில் கடலூர் முதுநகரில் இறங்கி, ஒரு பழைய வெள்ளிக் கடையில் நிற்கிறேன். துடைக்காத பழைய அமெரிக்க வெள்ளி டாலர் நாணயம் ஒன்றுக்காக இருபத்திரண்டு வருடங்களாக அலைகிறேன். தட்டில் ஐந்து இருக்கின்றன. நான்கு பளபளக்கின்றன, லென்ஸில் பார்த்தால் தேய்த்த கோடுகள் மயிரிழையாய் ஓடுகின்றன. நாணயம் சேர்க்கும் எனக்கு நான்கும் பாழ். ஐந்தாவது கறுத்துக் கிடக்கிறது. ஆனால் அதில் பொறித்துள்ள பெண் தலையின் கூந்தல் இழை இழையாக, தேயாமல் நிற்கிறது.

கடைக்காரர் விபூதியைத் தொட்டு அதை எடுக்கிறார். "இருங்க மாமா, இதையும் தேய்ச்சித் தரேன்."

"ஐயோ, தொடாதப்பா!"

"அழுக்கோடயா எடுத்துக்கினு போறீங்க? வூட்ல திட்டப் போறாங்க!"

அந்தக் கறுப்புதான் அதன் மதிப்பு என்று நான் சொல்லவில்லை. போலியாக இருக்குமோ என்று மூன்று முறை எடை போடச் சொல்கிறேன். சரியாக இருக்கிறது. பேரம் பேசினால் அவர் கை மறுபடி விபூதிக்குப் போய்விடும். கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்: 3,100 ரூபாய்.