எழுந்து ஓடாத தியோஃபில்

தியோஃபிலைப் பார்த்து "ஊருக்கு எப்போ போறீங்க?" என்று கேட்காத ஆள் எங்கள் பெரெஸ்னியாகியில் கிடையாது. ரொட்டிக் கடையில் கேட்பார்கள், தபால் நிலையத்தில் கேட்பார்கள். பல் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாராம். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "தினமும் சாயங்காலம் ஆறு மணி வண்டிக்கு." அது மாஸ்கோவிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற மின்சார ரயில். கேட்டவர் முழித்துக்கொண்டு நிற்பார்.

ஆப்பிரிக்காவில் இருக்கிற பெனின் நாட்டிலிருந்து படிக்க வந்தவர், படிப்பு முடிந்தும் போகவில்லை. மாஸ்கோவில் லிப்ட் பழுது பார்க்கும் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில், என் தலைக்கு மேல் வீட்டுக்குக் குடிவந்தார். எங்கள் கட்டடத்தில் லிப்டே கிடையாது. அதைச் சொல்லி நான் கிண்டல் பண்ணாத நாளில்லை. வந்த புதிதில் எவனோ ஒரு தறுதலை அவர் கதவில் கரியால் அசிங்கமாகக் கிறுக்கிவிட்டுப் போனான். அவர் அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே, இன்னும் பெரிய எழுத்தில், தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் பெயின்ட்டால் எழுதிவைத்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அவரை ஃபில்யா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் ரயிலுக்கு டிக்கெட் வாங்க மாட்டார்கள். காசில்லாமல் இல்லை, வீம்பு. பரிசோதகர் பெட்டியின் ஒரு முனையில் ஏறினால், மொத்தக் கூட்டமும் எழுந்து மறுமுனைக்கு நகரும். ரயில் நின்றதும் பிளாட்பாரத்தில் குதித்து, பனியில் வழுக்கியபடி ஓடி, ஏற்கெனவே பார்த்து முடித்த பெட்டியில் ஏறிக்கொள்ளும். கம்பளித் தொப்பி போட்ட கணக்காளர்கள், பெட்டியும் கையுமாகப் பள்ளித் தலைமை ஆசிரியர், எல்லோரும் ஓடுவார்கள். என் கைப்பையில் மாத டிக்கெட் இருக்கும். இருந்தும் நான் ஓடுவேன். கூட்டம் எழுந்தால் என் காலும் எழுந்துவிடுகிறது, என்ன செய்ய? ஒரு தடவை அப்படி ஓடி, விழுந்து, மணிக்கட்டு பிசகி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டேன். டிக்கெட் பத்திரமாகப் பையில்தான் இருந்தது.

தியோஃபில் மட்டும் எழ மாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே டிக்கெட்டை நீட்டுவார். பரிசோதகி கிளாவ்தியா ஸ்தெபானவ்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அவளோடு வருகிற காவலாள் பாஸ்போர்ட் கேட்பான், குடியிருப்புப் பதிவு கேட்பான். எல்லாவற்றையும் காட்டுவார். எதிர் இருக்கையில் எங்கள் ஊர் ஆர்க்காடி இருப்பான். ஆயுளில் டிக்கெட் வாங்கியிராத ஆள், என்றாவது ஓட முடியாமல் மாட்டிக்கொள்வான். அவனுக்கு என்ன தண்டனை? "வெட்கங்கெட்டவனே, உனக்கெல்லாம் மீசை ஒரு கேடா" என்று கிளாவ்தியா நாலு திட்டுத் திட்டி, அங்கேயே டிக்கெட் எழுதிக் கொடுப்பாள், அவ்வளவுதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தியோஃபிலின் மனைவி ஸோயா ரஷ்யப் பெண். அவள் அம்மா தமாரா இக்னாத்யெவ்னா ரியஸான் நகரத்துக்காரி. மருமகனை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அந்த பிப்ரவரியில் ஸோயாவுக்கு மாஸ்கோ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம், அவள் மிகவும் துவண்டுபோயிருந்தாள். மாமியார் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இந்த மாதிரி ஆட்கள் குழந்தை என்றதும் காணாமல் போய்விடுவார்கள், வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் குழந்தையைக் கொண்டுவரும்போது அப்பன் அங்கே நிற்கவில்லை என்றால், தானே கையில் வாங்கி, தாயையும் பிள்ளையையும் ரியஸானுக்குக் கூட்டிப்போய்விடுவாள். ஸோயா அம்மாவை எதிர்த்துப் பேசியதே இல்லை. போய்விட்டால் போனதுதான். அது தியோஃபிலுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

குழந்தையை வாங்கப் போகும்போது சொந்தக்காரர்கள் கூட நிற்பது எங்கள் வழக்கம். இங்கே அவருக்குச் சொந்தம் என்று யார்? நான் வேலை பார்க்கிற கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். விருந்தில் ஊற்றுவார்கள் என்பதற்காக ஆர்க்காடி வந்தான். தியோஃபில் புதுக் கோட்டு போட்டிருந்தார், மடியில் பூங்கொத்து. ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் கை ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவியது. முகம் மாறியது. டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பழைய கோட்டிலேயே இருந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்தா கிளாவ்தியா ஏற வேண்டும்? கூட்டம் எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன்.

"எழுந்திரு ஃபில்யா, ஓடிடலாம். ஒரு ஸ்டேஷன்தானே" என்றான் ஆர்க்காடி.

அவர் அசையவில்லை. கிளாவ்தியா வந்ததும் நடந்ததைச் சொல்லி, ஒரு டிக்கெட் எழுதித் தரும்படி காசை நீட்டினார். அவள் எழுதித்தான் கொடுத்திருப்பாள். ஆனால் காவலாள் புதிது, தோள் அகலமானவன். பாஸ்போர்ட் இல்லையென்றால் அடுத்த நிலையத்தில் இறங்கு, யார் என்ன என்று விசாரிக்க வேண்டும் என்றான். இறங்கினால் தொலைந்தது. தண்டவாள வேலைக்காக அதற்குப் பிறகு மதியம் வரை வண்டி கிடையாது; அதற்குள் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்துவிடுவாள்.

"இறங்க மாட்டேன்" என்றார் தியோஃபில்.

காவலாள் அவர் தோளில் கை வைத்தான். அவர் கையைத் தட்டிவிடவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கிளாவ்தியாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"கிளாவ்தியா ஸ்தெபானவ்னா, நான் இந்த வண்டியில ஒரு நாளாவது ஓடிப் பார்த்திருக்கீங்களா? இன்னிக்கு ஒரு நாள் எங்கிட்ட டிக்கெட் இல்ல. இந்த ஊர்க்காரங்க எல்லாரையும் மாதிரி நானும் இல்லாம வந்திருக்கேன். ஆர்க்காடியை எப்படித் திட்டுவீங்களோ அப்படி என்னையும் திட்டுங்க. அவனை என்னிக்காவது இறக்கிவிட்டிருக்கீங்களா? எம் பொண்ணை வாங்கப் போறேன். இறங்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, காவலாள் மேல், எங்கள் எல்லோர் மேலும். ஓட எழுந்தவள், நடைபாதையிலேயே பையை மார்போடு அணைத்துக்கொண்டு காவலாளுக்கு வழிவிடாமல் நின்றேன். என் உடம்புக்கு அந்த இடம் சரியாக அடைபட்டது. கதவு வரை போயிருந்த ஆர்க்காடி திரும்பி வந்து தியோஃபில் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எங்கிட்டயும் டிக்கெட் இல்ல தம்பி. இறக்குறதுன்னா முதல்ல என்னை இறக்கு. இதுல நான்தான் சீனியர்."

கிளாவ்தியா காவலாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், டிக்கெட் புத்தகத்தை எடுத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள்.

"வெட்கமா இல்ல உனக்கு? பொண்ணைப் பெத்தவன் பாஸ்போர்ட்டை மறந்துட்டு வருவானா? தலையில என்ன, களிமண்ணா? இந்தக் குளிர்ல பூவைக் காகிதம்கூடச் சுத்தாம தூக்கிட்டு வந்திருக்கான், கருகிப்போகாதா, அறிவுகெட்டவனே!"

அந்த நிலையம் வந்தது, கதவு திறந்து மூடியது, ரயில் கிளம்பியது, அவள் இன்னும் நிறுத்தவில்லை. தியோஃபில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. காவலாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் நாங்கள் மூச்சிரைக்க நுழைந்தபோது நர்ஸ் துணியில் சுற்றி ரிப்பன் கட்டிய குழந்தையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள், பின்னால் வெளிறிப்போன ஸோயா. தமாரா இக்னாத்யெவ்னா அதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"கையை இறக்குங்க, தமாரா இக்னாத்யெவ்னா" என்றார் தியோஃபில். "நான் வந்துட்டேன். அவ எம் பொண்ணு."

ஸோயா அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நர்ஸ் குழந்தையை அவர் கையில் வைத்தாள். ரயிலையே எதிர்த்து நின்ற மனிதருக்கு இப்போது முழங்கை வரை நடுங்கியது.

நீட்டிய கையை மாமியார் இன்னும் இறக்கவில்லை. இரண்டு எட்டு வைத்து வந்தாள். பிடுங்கப்போகிறாள் என்றுதான் நான் முன்னால் பாய்ந்தேன்.

"தலையைப் பிடி" என்றாள் அவள். "கழுத்துக்குக் கீழ கை குடு, மடையா. இப்படியா பிள்ளையைத் தூக்குவாங்க?"

சொல்லிக்கொண்டே அவர் முழங்கையைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.