அட்டைக்கு ஒரு டீ

நான் கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்த வருஷம் ஊரெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு. அடி அண்ணாமலையில் எங்கள் டீக்கடை. மீதி கொடுக்கக் காசில்லாமல் தவித்த அப்பா, சோப்புப் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, ஊதா மையில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். அட்டையைக் கொண்டுவந்தால் ஒரு டீ.

அட்டைகள் டீ குடிக்க வராமல் ஊர் சுற்றின. பூக்காரக்கா வாங்கிக்கொண்டார். முடிவெட்டுகிறவர் கூலியில் சேர்த்துக்கொண்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் அட்டை செல்லுபடியானது. சாமியார்களின் தட்டிலும் விழுந்தது. "நம்ம டீ எவ்ளோ தூரம் போவுது பாருடா" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. கடையைப் பூட்டிவிட்டு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அம்மா பிழைத்தாள், கையிருப்பு கரைந்தது. இங்கேயோ, கடையைக் காலி செய்துவிட்டோம் என்று பேச்சு பரவியிருந்தது.

திரும்பி வந்து கடை திறந்த காலை, பாய்லர் சூடாகும் முன்பே கூட்டம். எல்லார் கையிலும் அட்டை.

"ஏழு இருக்குது. ஏழு டீ ஊத்து" என்றார் முடிவெட்டுகிறவர்.

"ஏழும் இப்பவேவாண்ணா? வயிறு தாங்குமா?" என்றார் அப்பா.

"அது என் வயிறு. நீ ஊத்து."

பூக்காரக்கா தூக்குவாளியே கொண்டுவந்திருந்தார். பால் இறங்கிக்கொண்டே போனது. பால்காரரும் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒரே ஒருவருக்கு இல்லையென்றாலும் அப்பாவின் கையெழுத்து மறுபடி வெறும் சோப்புப் பெட்டிதான். அப்புறம் கடையும் இல்லை.

நான் பெஞ்சில் ஏறி நின்றேன். "எல்லாருக்கும் டீ உண்டுங்க. ஒரே நாள்ல எல்லாரும் கேட்டாதான் கஷ்டம்."

"பாத்தியா, இல்லைன்றதை எப்டி சொல்லுது காலேஜு!" என்றது ஒரு குரல். நெரிசல் ஜாஸ்தியானது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் தானாகவே இறங்கிவிட்டேன்.

அப்போது, கிரிவலப் பாதையில் உட்காரும் ஒரு சாமியார் உள்ளே வந்து காவித்துணி மூட்டையை அவிழ்த்தார். எங்கள் அட்டைகள், கத்தை கத்தையாக. அத்தனை அட்டை வேறு யாரிடமும் இல்லை. அப்பா கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த சில்லறையை மேஜைமேல் கொட்டினார். பௌர்ணமிக்கு வந்தவர்கள் போட்டது. "தம்பி, போய்ப் பால் வாங்கிட்டு வா."

"உங்க அட்டைக்கு டீ, சாமி?" என்று கேட்டார் அப்பா.

"ஒண்ணு போதும். நாளைக்கும் குடிக்கணும் இல்ல?"

நான் சைக்கிளில் பால் கொண்டுவந்தபோது கூட்டம் பாதியாகியிருந்தது. நாலு டீ உள்ளே போன முடிவெட்டுகிறவர் வயிற்றைத் தடவியபடி மூன்று அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். "மீதிய சாயங்காலம் பாத்துக்கறேன்."

வாரக் கடைசியில் அப்பா சில்லறையைப் பொட்டலம் கட்டிச் சாமியாரிடம் நீட்டினார். அவர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கனமா கீது முதலாளி. அட்டையாவே குடுத்துடு."

அப்பா கத்தரிக்கோலைத் தேடினார். நான் சோப்புப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன்.