ரெட்டைப் பிள்ளை பெற்ற கால்

தேங்காய் எண்ணெய் சுடும் வாசனை வந்தால் இன்னும் என் வலது கணுக்கால் கூசுகிறது...

அப்போது ஒன்பதாவது படித்தேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கடலூர் ஸ்கூலுக்குப் போவேன். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். நான் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை ‘கோ’. கோ-கோ ஆட்டத்தில், உட்கார்ந்திருப்பவள் முதுகைத் தட்டி அதைச் சொன்னால் போதும். மீதியைக் கால் பேசிக்கொள்ளும்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் மேட்ச். பிராக்டீஸில் பாதம் உள்பக்கமாக மடங்கியது. கணுக்கால் உப்பிப் போனது.

எங்கள் தெருவில் எப்படிப் பிசகினாலும் ஒரே பெயர், சுளுக்கு. சுளுக்கு என்றால் பக்கத்து வீட்டு சரோஜா அத்தை. ரெட்டைப் பிள்ளை பெற்றவர் காலால் நீவினால் அது ஓடிவிடுமாம். அத்தைக்கு வெட்கம்தான். ஆனாலும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. சூடான எண்ணெய் தடவி, குதிகாலால் மெதுவாக நீவினார்.

“பாத்துடி, ஒங் காலு பட்டு அதுக்கும் ரெட்டக் காலு மொளைச்சிடப் போவுது” என்றார் அவர் வீட்டு மாமா. நான்கூடச் சிரித்துவிட்டேன்.

வலி குறைந்தது... உண்மையாகவே. வலி போனால் சுளுக்கும் போயாச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சிதம்பரத்தில், ஓடித் திரும்பும்போது காலுக்குள் ‘டப்’ என்றது. அதன்பின் எழ முடியவில்லை.

அம்மாவும் அத்தையும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றதும் அம்மா கும்பிட்டாள். டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார்.

“எலும்ப சேத்துப் புடிச்சிருக்கிற நாரு கிழிஞ்சிருக்கும்மா. அது எக்ஸ்ரேல தெரியாது. வலி போறது வேற, நாரு ஆறுறது வேற. அன்னைக்கே கட்டுப்போட்டு ரெஸ்ட் குடுத்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது.”

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை தன் கால்களைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்தபின் சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக்காலில் நின்று பழகச் சொன்னார்கள். நிற்க வந்தது. ஓடத்தான் தைரியம் வரவில்லை. லீவு நீண்டு நீண்டு, ஸ்கூலே நின்றுபோனது.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் துணிக்கடை வேலை. கால் வலிப்பதில்லை. சுளுக்கு என்று யார் வந்தாலும் அத்தை காலை மடக்கி உட்கார்ந்தபடி, “மொதல்ல ஆஸ்பத்திரில காட்டிட்டு வாங்க” என்கிறார்.

கடையில் கூட்டமான நேரத்தில் யாராவது பின்னாலிருந்து முதுகைத் தொட்டால், என் வலது கால் இன்னும் பாயப் பார்க்கிறது...

“ஏம்மா, அந்த மேல் தட்டுப் பொடவைய எடு” என்பார்கள்.

எடுக்கப் போகிறேன். நடந்துதான்.