பெயர் சொல்லாமல் கூப்பிட: சான்டா கிளாராவில் ஒரு கணினி வகுப்பு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இது.

போன செப்டம்பரில் நான் மட்டும் ஒட்டன்சத்திரம் திரும்ப வேண்டியிருந்தது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள என் மனைவி பாக்கியம் பிளசன்டனில் மகன் வீட்டில் இன்னும் ஆறு மாதம் இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அப்படிப் பிரிந்ததில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் அவளாகவே என்னைக் கூப்பிட முடியுமா என்பதே என் கவலை. போனில் தொட்டால் கூப்பிடும்படி என் படத்தை வைத்துக் கொடுத்தோம். அவளுக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல் என்பதால் பேத்தியின் பல் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள்.

சான்டா கிளாராவில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமை பத்து மணிக்குப் பெரியவர்களுக்குத் தமிழில் கணினி வகுப்பு. கட்டணம் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் மகன் காரில் அழைத்துப் போனான். முப்பது மைல், நாற்பது நிமிடம். பலகை படிக்கத் தெரியாத எனக்கு அடையாளம்தான் வழி: ஊரைத் தாண்டியதும் வெயிலில் காய்ந்து பொன்னாகக் கிடக்கும் புல்மேடுகள், மேடு இறங்கினால் தூரத்தில் வெள்ளையாக வளைகுடாத் தண்ணீர். ஆறு வரிசையில் வண்டிகள் போகின்றன, ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே போனேன்.

வகுப்புக்கு வந்த எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். கணினி இருக்கிற அறையாயிற்றே. டீச்சர் ஜெசிந்தா, நாகர்கோவில் பெண், அமெரிக்காவில் எஞ்சினியர். குவியலைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

முதலில் மௌஸ். நான் அதைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினேன். "அங்கிள், அது டிவி ரிமோட் இல்ல, டேபிள்லயே வச்சு நகத்துங்க," என்றாள். நகர்த்தினேன். உள்ளே அம்பு நகர்ந்தது. என் கை இங்கே, அதன் அசைவு அங்கே. கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்யாமல் அதையே பார்த்தேன்.

பிறகு போன். பட்டனை அழுத்திப் பிடித்து ஆள் பெயரைச் சொன்னால் போதும், அதுவே கூப்பிடும். எல்லோரும் சொன்னார்கள். பாக்கியம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டி, அங்கிள் பேர் சொல்லுங்க."

"அவரு பேர நான் சொல்றதில்லம்மா."

"அம்மா, ஒரே ஒரு தடவ. மெஷின்தானம்மா?" என்றான் மகன்.

"மெஷின்னா என்னடா? அவரு பேருதான?"

அவள் மாறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போன பிறகு ஆறு மாதம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எதுக்குக் கூப்பிடணும்? திரும்பிப் பாத்தா வந்துருவாரு."

"அர்ஜென்ட்டா இருந்தா?"

"'இங்கருங்க'ம்பேன்."

போனில் என் பெயரை அழித்துவிட்டு 'இங்கருங்க' என்று பதிந்து கொடுத்தாள். பாக்கியம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூட வாசல் ஏறாத என் மனைவி சொன்ன சொல் வானத்துக்குப் போய் என் நெஞ்சுக்கு நேராக வந்து இறங்குகிறது.

போகிறவர்களுக்குச் சொல்வது: கால் மணி நேரம் முன்னால் போங்கள், இடம் நிறைந்துவிடும். கண்ணாடியையும் போன் சார்ஜரையும் மறக்காதீர்கள். உங்கள் வீட்டம்மா வாயில் வருகிற சொல்லிலேயே உங்களைப் பதிந்து வையுங்கள். முதல் வகுப்பில் கூப்பிட மட்டும்தான் சொல்லித் தருவார்கள். பேசி முடித்துப் போனை வைப்பது அடுத்த பாடம்.

ஊர் வந்த மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம். போன் அடித்தது. திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வருதான்னு பாத்தேன்."

"வந்துருச்சு."

"இத எப்படி வைக்கிறது?"

சிவப்பு வட்டத்தைத் தொட வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.