மாறிக்கொள்ள ஓர் ஆள்

அன்பான சபையாரே, எனக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆடியில், கர்க்கடக மழையில் என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று. நாக்கும் குழறியது. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு நடப்பது அந்த வேலையால்தான். நான் டூட்டிக்குப் போகும் நேரம் மட்டும் அவருடைய தங்கை லில்லி வந்து இருப்பாள். திரும்பி வந்ததும் அவளை அனுப்பிவிடுவேன். அவருக்கு என் கைதான் சரிவரும் என்று ஒரு நினைப்பு.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நின்றுபோன நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பயிற்சியில் என் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, மறுபடி தேறாவிட்டால் வேலை இல்லை என்று. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பயமெல்லாம் செய்முறைதான். தரையில் ஒரு பொம்மை கிடக்கும். முப்பது தடவை நெஞ்சை அமுக்கி, இரண்டு தடவை மூச்சு ஊத வேண்டும். ஆழம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். வீட்டில் அவர் கட்டிலருகே தலையணையைப் போட்டுப் பழகினேன். அவர் குழறிக் குழறி எண்ணுவார். ஒருநாள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "எட்டி, அவன் செத்தாச்சு. விடு," என்றார். அவர் விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான். அமுக்கும்போதெல்லாம் ஒரே ஜெபம்: ஆண்டவரே, என் கைக்குப் பெலன் தாரும்.

பரீட்சையில் தோற்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது முறை. என்னோடு நின்ற பெண், "மாறுங்க சேச்சி," என்றாள். நான் கையை எடுக்கவில்லை. அமுக்கும் ஆழம் குறைந்து, விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. பரீட்சை நடத்தியவர் கோபப்படவில்லை.

"சிஸ்டரே, மாற ஆள் நிக்குதுல்லா. பின்ன எதுக்கு ஒத்தைக்குக் கெடந்து கஷ்டப்படுதீங்க? நோயாளிக்காக்கும் நஷ்டம்," என்றார். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தந்தார்.

பஸ்ஸில் அழுதேன். பெலன்தானே கேட்டேன், அதைக்கூடத் தரமாட்டீரா என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

வீட்டில் லில்லி எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "மைனி, இன்னைக்கு நான் அண்ணன்கூட இருக்கட்டா? நீங்க கொஞ்சம் ஒறங்குங்க."

வேண்டாம் மக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இரு மக்கா," என்று வந்தது.

அவள் கண் நிறைந்தது. "எனக்க அண்ணனாக்கும் மைனி. நான் பாத்துக்கிடுவேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பெலனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கர்த்தர் ஆளையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அன்று உடுத்த சேலையோடு விழுந்து தூங்கினேன்.

மறுபரீட்சையில், கூட நின்ற பெண் "மாறுங்க," என்றதும் கையை எடுத்தேன். அவள் அமுக்கினாள், நான் மூச்சு ஊதினேன். என் முறை திரும்பி வந்தபோது கையில் பெலன் இருந்தது. பச்சை விளக்கு கடைசிவரை அணையவில்லை. வேலையும் நிலைத்தது.

அவர் இன்னும் நடக்கவில்லை. என் அலுப்பும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் லில்லி அவரோடு இருப்பதால், பல மாதம் கழித்து இன்று ஆலயத்தில் உட்கார்ந்தேன். ஒற்றையாய்ச் சுமக்கிறவர்களே, நீங்களும் கர்த்தரை நம்புங்கள். அவர் அனுப்பிய ஆளைத் திருப்பி அனுப்பாதிருங்கள்.

நீங்கள் வீடு தேடி வந்து ஜெபக்குறிப்பு கேட்டபோதெல்லாம், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இன்று நானே கேட்கிறேன். எங்களுக்காக ஜெபியுங்கள்.